உம்மா கொடுத்த ஐந்து பவுண்

எங்கள் வாப்பா 1998 ஆம் ஆண்டு புத்தளம் தில்லையடியில், ஓர் ஓலைக் குடிசையில் மௌத்தானார். ஜனாஸாவைத் தூக்க முன்னர் எங்கள் நானா வாசலுக்கு வந்து, கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "எங்கட வாப்பா ஆருக்காவது கடன் குடுக்க இருந்தா சொல்லுங்க. அதுக்கு நான் பொறுப்பு."

இது எங்கள் வழக்கம். இறந்தவரின் கடனை யாராவது ஏற்றுக்கொள்ளாமல் ஜனாஸாவை அனுப்ப மாட்டோம். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் ஒரு தொகையைச் சொன்னார். உப்பளத்தில் வாப்பாவோடு வேலை செய்த ஒருவர், தனக்கு வரவேண்டியதை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். வேறு ஒருவரும் பேசவில்லை. ஜனாஸா போய்விட்டது.

சேலையால் மறைத்த உள்பக்கத்தில் உம்மா இருந்தார். அவரும் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு அவருக்கும் சொல்ல ஒரு கணக்கு இருந்தது என்பது எங்களுக்குப் பதினான்கு வருடங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

அந்தக் கணக்கைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். இது எங்கள் வீட்டுக் கதைதான். ஆனால் வவுனியாவிலும் செட்டிகுளத்திலும் முல்லைத்தீவிலும் இதே கதையுள்ள வீடுகள் பல இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். மாதர் சங்கக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில் சகோதரிகள் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்விகள் அநேகமாக இதைப் பற்றியவைதான்.

வயலாகிப் போன மாலை

எங்கள் ஊர் வவுனியா நகருக்கு மேற்கே, குளமும் வயலும் உள்ள ஒரு சிறிய கிராமம். உம்மாவுக்கு 1976 இல் நிக்காஹ் நடந்தது. மஹராக வாப்பா ஐந்து பவுணில் ஒரு மாலை போட்டார். 1982 இல் குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல் விலைக்கு வந்தது. வாப்பாவின் கையில் இருந்த காசு போதவில்லை. உம்மா மாலையைக் கழற்றிக் கொடுத்தார். "வயல் விளைஞ்சதும் இதே போல ஒண்டு வாங்கித் தாறன்" என்று வாப்பா சொன்னார். பக்கத்தில் பெரிய வாப்பாவும் இருந்தார். உறுதி வாப்பாவின் பெயரில் எழுதப்பட்டது.

வயல் விளைந்தது. ஆனால் ஒவ்வொரு போகத்துக்கும் ஒவ்வொரு செலவு வந்தது. பிள்ளைகள் நால்வரானோம். பிறகு நாட்டு நிலைமை மோசமானது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர் ஊர்களை விட்டுப் போனார்கள். நாங்களும் போனோம். எனக்கு அப்போது பத்து வயது. தங்கச்சி கைக்குழந்தை.

போர் முடிந்த மறுவருடம், 2010 இல், நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். வீடு இருந்த இடத்தில் பற்றைக் காடு. வயலில் கருவேலும் புதரும். 2012 இல் நானாவும் தம்பியும் வயலை விற்றுப் பங்கு பிரிப்பது என்று முடிவெடுத்தார்கள். எல்லோரும் கூடியிருந்தபோது உம்மா மெதுவாகச் சொன்னார்: "பங்கு பிரிக்க முதல் என்ட அஞ்சு பவுணைத் தாங்க மகன்."

நானாவின் முகம் மாறிவிட்டது. "மௌத்தாகின வாப்பாவை இப்ப கடன்காரன் ஆக்குறீங்களா உம்மா?" என்று கேட்டார். தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். அன்று இரவு உம்மா சாப்பிடவில்லை. நானும், உண்மையைச் சொன்னால், உம்மா இதைப் பேசாமல் விட்டிருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

மௌலவி கேட்ட ஒரே கேள்வி

அடுத்த வாரம் நானாவே போய் எங்கள் பள்ளிவாசல் மௌலவியை அழைத்து வந்தார். உம்மா திரைக்குப் பின்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னார். மௌலவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ராத்தா, அந்த மாலையை நீங்க அவருக்கு அன்பளிப்பாக் குடுத்தீங்களா, இல்லாட்டிக் கடனாக் குடுத்தீங்களா?"

உம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் ஒண்டும் சொல்லயில்ல. அவர்தான் திருப்பித் தாறன் எண்டார்."

பெரிய வாப்பா அப்போது உயிரோடு இருந்தார். அவரும் அதையே சொன்னார். அப்படியானால் இது கடன் என்று மௌலவி சொல்லி, மார்க்கச் சட்டத்தை எங்களுக்கு விளங்கும்படி எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதை நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். அதைச் சகோதரிகளுக்காக இங்கே தருகிறேன்.

முதலாவது, மஹர் மனைவியின் சொந்தச் சொத்து. அது பெண்ணின் தகப்பனுக்கோ சகோதரனுக்கோ உரியதல்ல. கணவன் கொடுத்த பிறகு அது அவனுக்கும் உரியதல்ல. மஹரை மனமுவந்து கொடுக்கும்படியும், மனைவி தானாக விரும்பி அதில் ஏதும் விட்டுக்கொடுத்தால் மட்டுமே கணவன் அதை அனுபவிக்கலாம் என்றும் குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் 4 ஆம் வசனம் கூறுகிறது. கேட்கக் கூச்சப்பட்டு வாய்மூடி இருப்பது விட்டுக்கொடுத்தல் ஆகாது.

இரண்டாவது, கணவன் மனைவியிடம் கடன் வாங்கினால், அந்நியரிடம் வாங்கியதற்கு என்ன சட்டமோ அதுவே இதற்கும் சட்டம். அவர் இறந்தாலும் கடன் அழியாது.

மூன்றாவது, தங்கத்தைக் கடனாக வாங்கினால் அதே நிறைத் தங்கத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1982 இன் விலையைக் கொடுத்துவிட்டுக் கணக்குத் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. ஒரு பவுண் எட்டுக் கிராம். ஐந்து பவுண் என்றால் நாற்பது கிராம்.

நான்காவது, பங்கு பிரிப்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்தில் முதலில் கபன், அடக்கச் செலவு. அடுத்தது கடன். அதன் பிறகு வஸிய்யத் இருந்தால் அது, அதுவும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல். இவையெல்லாம் போக மிஞ்சுவதுதான் வாரிசுகளுக்கு. கொடுக்கப்படாத மஹரும் கடன்தான். அதையும் பங்குக்கு முன்னரே கொடுக்க வேண்டும்.

கடைசியாக மௌலவி நானாவைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, உம்மா கேட்டதால வாப்பா கடன்காரர் ஆகயில்ல. அவர் முப்பது வருசமாக் கடன்காரராத்தான் இருக்கிறார். இப்பதான் அதிலயிருந்து அவரை எடுக்க உங்களுக்கு ஒரு வழி வந்திருக்கு."

நானா தலையைக் குனிந்து கொண்டார். அன்று வாசலில் நின்று "நான் பொறுப்பு" என்று சொன்னவர் அவர்தானே.

கணக்கு எப்படிப் போடுவது?

விளங்குவதற்காக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒருவர் விட்டுச் சென்ற காணியின் விலை 1,200,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு அவர் கொடுக்க வேண்டிய கடன் 240,000 ரூபா. அதைக் கழித்தால் மீதி 960,000. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 120,000. மீதி 840,000. இரண்டு ஆண், இரண்டு பெண் பிள்ளைகள் என்றால், ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் மகனுக்கு 280,000 வீதமும் மகளுக்கு 140,000 வீதமும் வரும். பிள்ளைகள் இல்லாவிட்டால் மனைவிக்கு நான்கில் ஒரு பங்கு. இறந்தவரின் தாயோ தகப்பனோ உயிருடன் இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. அப்போது கணக்கு மாறும்.

கடனைக் கழிக்காமல் பிரித்திருந்தால் அந்தத் தாய்க்கு மொத்தமாகவே 150,000 ரூபாதான் கிடைத்திருக்கும். முறைப்படி பிரித்தால் 360,000 கிடைக்கிறது. சகோதரிகளே, வித்தியாசத்தைப் பாருங்கள்.

மகளுக்கு ஏன் பாதி என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மனைவியையும் பிள்ளைகளையும், தேவைப்பட்டால் பெற்றோரையும் பராமரிக்கும் பொறுப்பு ஆணின் மேல் இருப்பதே காரணம் என்று மார்க்க அறிஞர்கள் விளக்குகிறார்கள். எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் அந்தப் பொறுப்பைப் பெண்ணே சுமக்கிறாள் என்பதும் உண்மை. இரண்டு பங்கை வாங்குகிற சகோதரன் அதனோடு சேர்ந்து வரும் கடமையையும் வாங்குகிறான் என்பதை அவனுக்கு நினைவூட்டுவதில் தவறில்லை. பெற்றோர் தாம் உயிருடன் இருக்கும்போதே பிள்ளைகளுக்கு அன்பளிப்பாக எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

மார்க்கம் சொல்வதை நாட்டுச் சட்டமும் பெரும்பாலும் ஏற்றிருக்கிறது. இறுதி விருப்பம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து, அவர் சார்ந்த பிரிவின் சட்டப்படி பிரிக்கப்பட வேண்டும் என்று 1931 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாபி மத்ஹபைப் பின்பற்றுபவர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் வயல் உறுதிக் காணி. வன்னியில் பலருக்கு இருப்பது பேமிற் காணி. அதன் பின்னுரிமை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படியே போகும். பின்னுரித்தாளராக யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பது அங்கே முக்கியம். பெயர் எழுதாவிட்டால் ஆண் பிள்ளைக்கே முதலிடம் என்றிருந்த பழைய ஒழுங்கு 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு நீங்கியது. உங்கள் காணி எந்த வகை என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மஹருக்கும் கைக்கூலிக்கும் உரிய சட்டம் 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம். கைக்கூலி என்பது பெண்ணின் உபயோகத்துக்கென்று பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுக்கும் பணம் அல்லது அசையும் பொருள். பலர் நினைப்பதுபோல அது மாப்பிள்ளையின் சம்பாத்தியம் அல்ல. மஹரையும் கைக்கூலியையும் மனைவியோ விவாகரத்தான பெண்ணோ காதி நீதிமன்றத்தில் கேட்டு வழக்கு வைக்கலாம். தாபரிப்புப் பணமும் அங்கேயே கேட்கலாம். அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. உங்கள் வழக்கை நீங்களே சொல்ல வேண்டும். அதனால்தான் கையில் எழுத்து இருக்க வேண்டும் என்கிறேன்.

இந்தச் சட்டத்தில் குறைகளும் உண்டு. விவாகப் பதிவில் மணமகளின் கையொப்பத்தை அது கேட்கவில்லை. காதியாகப் பெண்ணை நியமிக்கவும் அது இடம் வைக்கவில்லை. திருத்தங்களை ஆராய 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டு, 2018 இல் அறிக்கை கையளிக்கப்பட்டது. முஸ்லிம் பெண்கள் பல வருடங்களாக இதற்காகக் குரல் கொடுத்து வருகிறார்கள். சட்டம் திருந்தும்வரை, இருக்கும் உரிமையையாவது அறிந்து கேட்பது எங்கள் கையில் இருக்கிறது.

பக்கத்து வீட்டு அக்காவின் கேள்வி

எங்கள் மாதர் சங்கத்தில் தமிழ்ச் சகோதரிகளும் இருக்கிறார்கள். நான் இந்தக் கதையைச் சொன்னபோது, 2009 இல் கணவர் காணாமற்போன ஓர் அக்கா கேட்டார்: "அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டே தெரியேல்லை. எனக்குச் சீதனமா வந்த காணியை விக்க அவற்ற கையெழுத்துக் கேக்கினம். நான் எங்க போறது?"

தேசவழமைச் சட்டத்துக்கு உட்பட்ட பெண் தன் சொந்தக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால், அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். 1911 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. அந்த அக்காவுக்கு இது தெரியாமலே பல வருடங்கள் போய்விட்டன.

முஸ்லிம் பெண்ணுக்கு இந்தத் தடை இல்லை. தன் பெயரில் உள்ளதை அவள் கணவனின் கையொப்பம் இல்லாமலே விற்கலாம். ஆனால் கணவர் காணாமற்போயிருந்தால், அவருடைய சொத்தை உடனே பங்கு பிரிக்க முடியாது. அவர் இறந்ததாகத் தீர்மானிக்கப்படும்வரை அது அவருடைய சொத்துத்தான். காணாமற்போனவர்களின் குடும்பங்களை மரணச் சான்றிதழ் எடுக்கும்படி மட்டும் சொல்லி வந்த நிலை மாறி, 2016 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறவும் வழி வந்தது. கணவரின் சொத்து எப்படி இருந்தாலும், மனைவியின் மஹரும் நகையும் அவளுடைய பெயரில் உள்ள காணியும் எப்போதும் அவளுடையவைதான்.

கையில் வந்த பிறகு

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மௌலவி சொன்னபடி, 1976 ஆம் ஆண்டு விவாகப் பதிவின் பிரதியைக் கச்சேரியில் எடுத்தோம். மஹர் ஐந்து பவுண் என்று அதில் இருந்தது. வயல் விற்ற காசில் முதலில் உம்மாவின் கடனைப் பிரித்து வைத்தார்கள். அப்போது தம்பி சொன்னான்: "உம்மா எப்படியும் மன்னிக்கத்தானே போறா. ஏன் வீணாக் கையில குடுத்து வாங்குவான்?"

மௌலவி விடவில்லை. "முதல்ல அவவுட கையில குடுங்க. பிறகு அவ வச்சிருந்தாலும் சரி, உங்களுக்குத் தந்தாலும் சரி. கையில வராத சாமானை எப்படி மனமுவந்து விட்டுக்கொடுக்கிற?" என்றார்.

உம்மா வாங்கினார். மூன்று பவுணைத் தனக்கு வைத்துக்கொண்டு, இரண்டு பவுணின் காசைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்தார். அவன் அப்போதுதான் வீடு கட்டிக்கொண்டிருந்தான். அவன் அழுதுவிட்டான்.

உம்மா அந்தக் காசில் செய்த முதல் வேலை எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு மூடை அரிசி வாங்கச் சொன்னார். 1991 றமழானில், அகதிக் குடிசையில், தங்கச்சிக்குப் பால் கொடுத்த காலம். பிள்ளைக்குப் பால் வற்றிவிடும் என்ற பயத்தில் அவர் நோன்பு பிடிக்கவில்லை. அடுத்த றமழானுக்கு முன்னர் முப்பது நோன்பையும் கழாச் செய்துவிட்டார். ஆனால் பிள்ளைக்காக நோன்பை விட்ட தாய், ஷாபி மத்ஹபின்படி, ஒரு நோன்புக்கு ஒரு முத்து அரிசி வீதம் ஏழைகளுக்குப் பித்யாவும் கொடுக்க வேண்டும். ஒரு முத்து ஏறத்தாழ 600 கிராமிலிருந்து 750 கிராம் வரை கணக்கிடப்படுகிறது. நிவாரண அரிசியில் சீவித்த வீட்டில் அன்று அதற்கு வழி இருக்கவில்லை. பிறகு பிள்ளைகளிடம் கேட்க மனம் வரவில்லை. "இது என்ட கடன். என்ட காசிலதான் குடுக்கோணும்" என்று இருபத்தொரு வருடம் மனதில் வைத்திருந்தார்.

மனைவியின் காசு மனைவியின் கையில் இருக்க வேண்டும் என்று மார்க்கம் ஏன் சொல்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுமையாக விளங்கியது. ஒரு பெண் தன் கடனைத் தானே தீர்க்கவும், தன் கையால் தர்மம் கொடுக்கவும் அவளுக்கென்று ஏதாவது இருக்க வேண்டும்.

சகோதரிகள் செய்ய வேண்டியவை

உங்கள் விவாகப் பதிவின் பிரதி உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் கச்சேரியில் விண்ணப்பித்து எடுங்கள். மஹரும் கைக்கூலியும் அதில் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று வாசியுங்கள்.

கணவரின் தொழிலுக்கோ, தம்பியின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ, மகனின் முச்சக்கர வண்டிக்கோ நகையைக் கழற்றிக் கொடுக்கும்போது, அன்பளிப்பா கடனா என்று அப்போதே வாயால் சொல்லிவிடுங்கள். கடன் என்றால் திகதி, நிறை, காரணம் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். சாட்சியும் வையுங்கள். நகையை அடைவு வைப்பதென்றால், பற்றுச்சீட்டு யாருடைய பெயரில், யார் மீட்பது என்பதையும் எழுதுங்கள். இதில் சந்தேகப்படுவதற்கு ஒன்றுமில்லை. குர்ஆனில் மிக நீளமான வசனமே கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். அல்பகரா அத்தியாயம், 282 ஆம் வசனம்.

பங்கு பிரிப்பதில் சிக்கல் வந்தால் சண்டைக்கு முன்னர் அறிந்தவரிடம் கேளுங்கள். ஊர் மௌலவியிடம் கேட்கலாம். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாப் பிரிவுக்கு எழுதியும் கேட்கலாம். காணி உறுதி விடயத்தில் நொத்தாரிசையும் கலந்துகொள்ளுங்கள்.

எனது மூத்த மகளின் நிக்காஹ் பேசும்போது, மாப்பிள்ளை வீட்டார் "ஒரு சின்ன உதவி" என்று ஒரு தொகையைக் கேட்டார்கள். எல்லோரும் தயங்கி இருந்தோம். உம்மாதான் பேசினார். "தாறதெண்டா தருவம். ஆனா அதைக் கைக்கூலி எண்டு பதிவுப் புத்தகத்தில எழுதோணும். புள்ள எப்ப கேட்டாலும் திருப்பிக் குடுக்கோணும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் அந்த உதவியைப் பற்றிப் பேசவில்லை. நிக்காஹ் நல்லபடி நடந்தது. பதிவு எழுதும்போது மஹர் எழுதிய இடத்தைச் சத்தமாக வாசிக்கும்படி கேட்டவர் எங்கள் நானா.